பிரேக்குக்கு ஒரு படையல்

எலி வராதபடி ஒரு பிரேக்குக்குப் படையல் போடுவது எப்படி? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. எங்கள் தெருவில் எனக்கு 'படித்த பெண்' என்று ஒரு பெயர் உண்டு. குழந்தைக்கு இருமல் வந்தால் எந்த மருந்து, பால் பொங்கி அடுப்பு அணைந்தால் என்ன செய்வது, எதுவானாலும் கைப்பேசியை எடுத்துத் தேடிவிடுவேன். இதற்கு மட்டும் எவ்வளவு தேடியும் ஒன்றும் அகப்படவில்லை.

கேட்டவர் லாகி அங்கிள். மலேசியாவில், எங்கள் கிள்ளான் நகரில், அவரைவிடப் பயந்த மனிதர் வேறு யாரும் கிடையாது என்று நான் அடித்துச் சொல்வேன். "ஏன், நீ ஊர்ல இல்லையா?" என்பார் என் கணவர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அடுப்பை அணைத்தேனா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் காரைத் திருப்பச் சொல்பவள் நான். தூங்குகிற மகளின் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்து, அதனாலேயே அவளை எழுப்பி அழ வைத்துவிடுபவள். ஆனாலும் லாகி அங்கிள் முன்னால் நான் ஒரு வீராங்கனை.

அவருடைய உண்மைப் பெயர் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் பேருந்தை ஆயுளில் பெரும்பகுதி ஓட்டியவர். எல்லாரும் ஏறியபின் தலைகளை எண்ணுவார். பிறகு "செக்காலி லாகி" என்று சொல்லி மறுபடி எண்ணுவார். மலாயில் 'இன்னொரு தடவை' என்று பொருள். கதவு மூடியிருந்தாலும் செக்காலி லாகி. கண்ணாடி நேராக இருந்தாலும் செக்காலி லாகி. அந்தப் பேருந்தில் போன பங்களாதேஷ்காரர், நேப்பாளக்காரர் எல்லாரும் மலாய் மொழியில் முதலில் கற்றுக்கொண்டது இந்த இரண்டு சொற்களைத்தான் என்று ஒரு வதந்தி உண்டு. பேருந்தை விட்டு வந்தபிறகும் 'லாகி' அவரை விடவில்லை.

ஓய்வு பெற்ற கையோடு அங்கிள் அந்தப் பழைய பேருந்தையே வாங்கி மோட்டார்ஹோம் ஆக்கிவிட்டார். காரணம் சரோ ஆன்டி. அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆன்டியின் இடது முழங்கால் மடங்குவதில்லை. காரில் சற்று நேரம் உட்கார்ந்தாலே கண்ணில் நீர் வந்துவிடும். அதனால் இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டில் போட்டார், அடுப்பு வைத்தார், கழிவறை கட்டினார், ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை தைத்தார். உரிமம், பரிசோதனை எல்லாம் முறைப்படி முடித்தார். "இனிமே நீ கால நீட்டிக்கிட்டே மலேசியா முழுக்கச் சுத்தலாம் சரோ" என்றார்.

அதன்பின் வண்டி அவருடைய மூலை வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே இருந்த காலியிடத்தில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

முதல் பயணம் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸுக்கு, சேலை எடுக்க. தெருமுனை வரை போனார்கள். அடுப்பின் கேஸ் குழாய் சரியாக இருக்கிறதா என்று சந்தேகம் வந்தது, திரும்பிவிட்டார்கள். அடுத்தது மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்கு. பெட்ரோல் நிலையம் வரை போனபோது ஒரு கண்ணாடி சற்று ஆடுவதாக அங்கிளுக்குப் பட்டது. அன்றைக்குச் சேலையை என் கைப்பேசியில் பார்த்துத்தான் ஆன்டி வாங்கினார்.

ஆனால் தினமும் காலையில் அங்கிள் வண்டியைக் கிளப்புவார். காற்றால் வேலை செய்கிற பிரேக் அது; தொட்டியில் காற்று நிரம்பும்வரை காத்திருந்து பிரேக்கை மிதித்துக் காலை எடுப்பார். 'ப்ஷ்ஷ்ஷ்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே என் மகள் நிலா வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இரண்டரை வயதில் அவள் தெளிவாகச் சொன்ன முதல் வார்த்தைகளில் ஒன்று 'அம்மா'. இன்னொன்று 'லாகி'.

இப்படி இருக்கையில் அவர்கள் மகள் கவிக்குக் காஜாங்கில் வளைகாப்பு வைத்தார்கள். தலைப்பிள்ளை. கிள்ளானிலிருந்து காஜாங்குக்குச் சாலையில் நெரிசல் இல்லாவிட்டால் ஒரு மணி நேரம். கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் கொண்ட ஒரு வீடு அந்த ஒரு மணி நேரத்துக்காகத் தயாரானது. ஆன்டி தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

"இந்தாங்க, எம்மகளுக்கு மொதல் வளையல் நான்தான் போடணும். இந்தவாட்டியும் தெருமுனையில திரும்புனீங்கன்னா, இந்த பஸ்ஸ ரோஜாக் பலகாரக் கடைக்காரனுக்குக் குடுத்துருவேன். வாசல்லயே நின்னு விக்கட்டும்."

"ஏன் சரோ இப்படிப் பேசுற? போலாம்லா. எல்லாத்தையும் ஒருவாட்டி பாத்துட்டு..."

"பாத்தாச்சு!"

வளைகாப்புக்கு முந்திய வாரம் ஆயுத பூசை வந்தது. எல்லாரும் காரைக் கழுவிச் சந்தனம், குங்குமம் வைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவோம். அங்கிளுக்கு அது போதாது. எல்லாப் பாகத்துக்கும் தனித்தனியாகப் பொட்டு வைத்தார். வைப்பரின் இரண்டு கைகளுக்கும், காற்றுத் தொட்டிக்கும், வண்டிக்கு அடியில் படுத்து ஒவ்வொரு குழாய்க்கும். பிறகு ஒவ்வொரு சக்கரத்துக்கு உட்புறமும் ஒரு துண்டு வாழையிலை, அதில் ஒரு பிடி சர்க்கரைப் பொங்கல். "பிரேக்குதான்மா நம்ம உயிர். அதுக்குப் படைக்காம வேற எதுக்குப் படைக்கிறது?" என்று முன் சக்கரத்துக்கு மட்டும் நெய்யைக் கூடுதலாக விட்டார். அந்த நெய்க் கையாலேயே பிரேக் குழாய்க்குச் சந்தனத்தையும் பூசினார். கடைசியில் எலுமிச்சம்பழம் நசுங்குகிற அளவுக்கு வண்டி முன்னால் நகர்ந்தது. அதுவரை வண்டி போன பயணங்களில் பாதியில் திரும்பாதது அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை காலை பிரேக்கை மிதித்தபோது 'ப்ஷ்ஷ்ஷ்' நிற்கவில்லை. மிதித்த கால் மிதித்தபடி இருக்க, முன் சக்கரத்துப் பக்கம் காற்று சீறிக்கொண்டே இருந்தது. நிலா கை தட்டினாள். அங்கிள் வெளுத்துப் போனார்.

"ஹோஸ் போச்சு" என்றார், மாரடைப்பைப் பற்றிச் சொல்வதுபோல. சக்கரத்துப் பிரேக்குக்குக் காற்றைக் கொண்டுபோகும் ரப்பர் குழாய் அது. "யாரோ கண்ணு வச்சிட்டாங்கம்மா. இவ்ளோ பெரிய வண்டி, அதான். ஞாயித்துக்கெழம வளைகாப்பு. நான் எப்படி சரோகிட்ட சொல்லுவேன்?"

"எனக்குக் கேட்டுருச்சு!" என்று வீட்டு ஜன்னலிலிருந்து ஆன்டியின் குரல் வந்தது. வளைகாப்புக்கென்று எடுத்த பச்சைச் சேலை அவருக்குப் பின்னால் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் குனிந்து கைப்பேசி வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். வாழையிலை நாராகக் கிடந்தது, பொங்கலைக் காணோம். குழாயில் வைத்த குங்குமப் பொட்டில் பாதி அப்படியே இருந்தது. மீதிப் பாதி இருந்த இடத்தில் ரப்பர் பிய்ந்து உள்ளே நூல் தெரிந்தது. ஓரத்தில் சின்னச் சின்னப் பல் தடங்கள். சொல்லலாமா வேண்டாமா என்று எனக்குள் ஒரு விவாதம் நடந்தது. சொல்லாவிட்டால் புதுக் குழாய்க்கும் பொங்கல் பூசுவார். சொன்னால் மனம் உடைந்துபோவார். பிரேக் விஷயம் என்பதால் சொல்வதென்று முடிவு செய்தேன்.

"அங்கிள், இது எலி கடிச்சது."

"எலியா? எலிக்கு ரப்பர் எதுக்கும்மா?"

"ரப்பருக்கு வரல அங்கிள். பொங்கலுக்கு வந்துருக்கு. நெய் வாசத்துல அப்படியே மேல ஏறிருச்சு."

ஆன்டிக்கு ஜன்னலில் சிரிப்பு தாங்கவில்லை.

"கேட்டீங்களா கதைய! நீங்க படைச்சீங்க, பிள்ளையாரோட வாகனம் வந்து சாப்பிட்டுச்சு. சாப்பிட்டுட்டு உங்க வாகனத்தையும் ஒரு கடி கடிச்சிட்டுப் போயிருக்கு!"

அங்கிள் சக்கரத்தின் அருகே அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அப்ப கோவிக்கவும் முடியாதே" என்றார் மெதுவாக.

பழைய குழாயைக் கழற்றும்போது நான் பக்கத்திலேயே நின்றேன். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைத்துவிட்டு, தொட்டிகளில் இருந்த காற்றையெல்லாம் வெளியே விட்டார். எனக்கு உடனே ஒரு பயம். காற்று போய்விட்டால் பிரேக்கும் போய்விடும்தானே? வண்டியின் மூக்குக்கு நேரே எங்கள் வீடு இருக்கிறது, கூடத்தில் நிலாவின் விளையாட்டுச் சாமான்கள் இருக்கின்றன.

"இல்லம்மா. காத்து இருந்தாத்தான் இது ஓடும். காத்து போச்சின்னா பின் சக்கரத்துல ஸ்ப்ரிங்கு தானா இறுக்கிப் பிடிச்சிக்கும். நம்ம ரெண்டு பேர் மாதிரிதான்னு வச்சிக்கயேன்."

அது பாராட்டா என்று தெரியவில்லை. ஆனாலும் எனக்கு அந்த வண்டியின்மேல் அன்றுதான் ஒரு மதிப்பு வந்தது.

கழற்றிய குழாயைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அங்கிள் என் காரில் ஏறினார். கிள்ளானில் ஹோஸ் செய்து தரும் ஒரு சீனர் கடைக்குப் போனோம். முதலாளி எங்கள் ஊர்ச் சீனர், தமிழை நம்மைப்போலவே பேசுவார்.

"அதே நீளம் வேணும் தவுக்கே" என்று முதலாளியிடம் சொன்னார் அங்கிள். "கூடிச்சின்னா டயர்ல ஒரசும். கொறஞ்சிச்சின்னா ஸ்டேரிங்க ஒடிக்கிறப்ப இழுத்துக்கும்."

"தெரியும் அண்ணே."

முதலாளி பழையதை வைத்து அளந்து, புதிய குழாயை வெட்டி, இரு முனைகளிலும் பித்தளை இணைப்புகளை அழுத்திப் பொருத்தி, காற்று ஏற்றித் தண்ணீரில் அமுக்கிக் காட்டினார். ஒரு குமிழிகூட வரவில்லை.

"தவுக்கே, செக்காலி லாகி."

மறுபடி அமுக்கினார்.

"செக்காலி லாகி."

"அண்ணே, இது பிரேக் ஹோஸ் லா. மாப்பிள்ளை இல்ல. எத்தன வாட்டி பாப்பீங்க?"

எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "பாஸ், இத எலி கடிக்காம இருக்க ஏதாவது வழி இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். முதலாளி என்னைப் பார்த்தார், அங்கிளைப் பார்த்தார்.

"உங்க மகளா அண்ணே?"

"இல்ல, பக்கத்து வீடு."

"நம்ப மாட்டேன் லா" என்றார் முதலாளி. "ஹோஸுக்கு நான் கேரண்டி. எலிக்கு நீங்க எலிகிட்டதான் கேக்கணும்."

வீட்டுக்கு வந்து மாட்டினார். ஒரு ஸ்பேனரால் இணைப்பைப் பிடித்துக்கொண்டு இன்னொரு ஸ்பேனரால் முறுக்கினார், குழாய் திருகிக்கொள்ளக் கூடாதாம். பிறகு வண்டியைக் கிளப்பிக் காற்றை நிரப்பிவிட்டு, என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தார். கட்டை வைத்திருக்கிறதா என்று நான் இறங்கிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அங்கிள் அதை மிகுந்த மரியாதையோடு கவனித்தார்.

கீழே அவர் ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீரும் தூரிகையுமாக உட்கார்ந்தார். நிலா கிண்ணத்தைப் பார்த்ததும் ஆன்டியின் கையை உதறிக்கொண்டு வந்து, கொஞ்சம் தள்ளி அவரைப்போலவே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அமுக்கும்மா!"

அமுக்கினேன்.

"பபிள்!" என்று நிலா கத்தினாள். இணைப்பின் ஓரத்தில் ஒரு குமிழி பெரிதாகிப் பளபளத்தது. அவள் குதித்தாள். அங்கிள் முகம் விழுந்துவிட்டது. காற்றை விட்டுவிட்டு, இணைப்பைக் கழற்றித் துடைத்து, மறுபடி இறுக்கினார். காற்று நிரம்பக் காத்திருந்தோம்.

"அமுக்கும்மா!"

அமுக்கினேன். சத்தமே இல்லை. எனக்கு முன்னாலிருந்த காற்றழுத்தக் காட்டியின் முள் அசையாமல் நின்றது.

"வரல சரோ! ஒண்ணும் வரல!" என்று அங்கிள் கையைத் தூக்கிக் கத்தினார். அதே நொடியில் நிலா உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தாள். "பபிள் வரல... பபிள் வரல..."

"வரக் கூடாதுடா கண்ணு. வந்தா பாட்டி காஜாங் போக முடியாது."

அவளுக்குக் காஜாங் முக்கியமில்லை. தெருவே கேட்கும்படி அழுதாள். அங்கிள் சற்று யோசித்தார். கையிலிருந்த ஸ்பேனரின் வளையத்தைச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, உதட்டைக் குவித்து ஊதினார். ஒரு பெரிய குமிழி ஆடிக்கொண்டே கிளம்பி வண்டியின் பம்பர் மேல் போய் உடைந்தது. நிலா அழுகையைப் பாதியில் நிறுத்தினாள்.

"லாகி!" என்றாள்.

அன்றைக்கு எங்கள் தெருவில் 'இன்னொரு தடவை' என்ற பொருளில் அந்தச் சொல் வேறொருவர் வாயிலிருந்து வந்தது. அங்கிள் சோப்புத் தண்ணீர் தீரும்வரை ஊதினார்.

மறுநாள் "ஒர்க்ஷாப்புல ஒருவாட்டி காட்டிட்டுப் போலாமே அங்கிள்" என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அவர் கண் கலங்கியது. "இதத்தான்மா நானும் சொல்ல வந்தேன். சரோ திட்டுவாளேன்னு சும்மா இருந்தேன்." ஒர்க்ஷாப்பில் எல்லாம் சரி என்றார்கள். அங்கிள் அங்கேயும் இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார். நானும் கூடச் சேர்ந்து சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எனக்குள் பெரிய போராட்டம். நாங்கள் காரில் பின்னால் வருவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் நிலாவுக்குக் காரில் போனால் வாந்தி வரும். ஆன்டியோ, "எங்கூட வாம்மா, இவரு தெருமுனையில திரும்புனா நீ ஒரு வார்த்த சொல்லலாம்" என்று கூப்பிடுகிறார். என்னிடம் போய் இந்த வேலையை ஒப்படைக்கிறாரே என்று இருந்தது. கடைசியில் நிலாவின் குழந்தை இருக்கையைப் பேருந்தில் கழற்றாமல் விட்டிருந்த இருக்கை ஒன்றில் கட்டினேன். இழுத்துப் பார்த்தேன். அங்கிள் வந்து இழுத்துப் பார்த்தார். மறுபடி நான் இழுத்துப் பார்த்தேன்.

"ரெண்டு பேரும் சேந்தா இந்த வண்டி நாளைக்குத்தான் கிளம்பும்" என்றார் என் கணவர், வளையல் தட்டுகளோடு எங்கள் காரில் ஏறிக்கொண்டே.

வண்டி தெருமுனைக்கு வந்தது. அங்கிள் நிறுத்தினார். ஆன்டி கட்டிலில் காலை நீட்டியபடி என்னைப் பார்த்தார். அங்கிள் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அவர் கேட்கவில்லை, ஆனால் கேட்டார். எனக்கும் அடுப்பை அணைத்தேனா என்று தோன்ற ஆரம்பித்திருந்தது.

"போங்க அங்கிள்" என்றேன். "எல்லாம் பாத்தாச்சு."

போனார். நெடுஞ்சாலையில் எங்களை லாரிகள் முந்தின, மோட்டார்சைக்கிள்கள் முந்தின, சாமான் ஏற்றிய ஒரு பழைய வேன்கூட ஹார்ன் அடித்துக்கொண்டு முந்தியது. நிலா வாந்தி எடுக்கவில்லை. எனக்கோ எந்த வண்டியிலும் வராத ஒரு நிம்மதி. இவ்வளவு பயப்படுகிற ஒருவர் ஓட்டும்போது எனக்குப் பயப்பட ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. வழியில் நான் தூங்கிக்கூடப் போனேன்.

காஜாங்கில் மண்டபம் கடைவரிசையின் மாடியில் இருந்தது. மின்தூக்கி வேலை செய்யவில்லை. ஆன்டி கட்டிலில் இருந்தபடியே ஜன்னல் வழியாகப் படிகளை அண்ணாந்து பார்த்தார். இவ்வளவு தூரம் வந்துவிட்டு, மகள் மேலே, தாய் கீழே. நான் என்ன செய்வதென்று யோசிப்பதற்குள் கவியே பட்டுச்சேலையும் பெரிய வயிறுமாக, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள்.

"நல்ல நேரம் போயிரும்மா. நீங்க ஏற வேணாம், நான் ஏறுறேன்" என்று பேருந்துக்குள் வந்து கட்டிலில் அம்மாவின் நீட்டிய காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே ஏறினார்கள். அங்கிள் பதறிவிட்டார். "நெறைய பேரு ஏறுறீங்க, இருங்க, இருங்க!" என்று ஓடிப்போய் இருக்கையில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தார். சரோ ஆன்டி மகளின் கையில் முதல் வளையலைப் போட்டபோது 'ப்ஷ்ஷ்ஷ்' என்று ஒரு சத்தம் எழுந்தது. யாரோ சிரித்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். ஆன்டி மட்டும் சிரித்துக்கொண்டே அழுதார்.

கவியின் கன்னத்தில் சந்தனம் பூச அங்கிளையும் கூப்பிட்டார்கள். பூசினார். விரலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அவர் கண் மெல்ல முன் சக்கரத்துப் பக்கம் போனது.

"அங்க வைக்காதீங்க!" என்று ஆன்டியும் நானும் ஒரே குரலில் கத்தினோம்.

அன்றிலிருந்து வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தக் கேள்வி வருகிறது. அடுத்த ஆயுத பூசைக்குப் பிரேக்குக்கு எப்படிப் படைப்பது? மூடி போட்ட பாத்திரத்தில் வைக்கலாம் என்றேன். "மூடி வச்சா சாமி எப்படிம்மா சாப்பிடும்?" என்றார். படைத்த உடனே எடுத்துவிடலாம் என்றேன். "சாப்பிடுறவர அவசரப்படுத்தலாமா?" என்றார். வெறும் பழம் வைக்கலாமே என்றேன். எலிக்குப் பழம் பிடிக்காதா என்று தேடிப் பார்க்கச் சொன்னார். தேடினேன். பிடிக்குமாம்.

வாசகர்களில் விவரம் தெரிந்தவர்கள் ஒரு வழி சொல்லுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். படையலையே நிறுத்திவிடுங்கள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதை அவரிடம் போய்ச் சொல்ல எனக்கு மனம் வராது. கவிக்குப் பிள்ளை பிறந்தால் வீட்டுக்கு அழைத்து வரப் போவது அந்த வண்டிதான்.